பின்பாக்கெட்டில் ஒரு கை!

"முதல் ஜீன்ஸைத் தைச்சது யாருங்க?"

மைக்கை நீட்டிக் கேட்டாள் டி.வி.க்காரப் பெண். கேட்டது பாப்பாவிடம்தான்.

பாப்பா வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் காற்று போனதுதான் மிச்சம். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"நான்தான்!" என்றார் அண்ணன். "இவ என் தங்கச்சி. பட்டன் எடுத்துக் குடுப்பா... பாவம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள்.

அது பழைய கதை.

இன்று காலை அவள் சிரிக்கவில்லை.

அலறினாள்!

1

ஃபேக்டரி இன்னும் முழுசாக விழிக்கவில்லை. முதல் ஷிப்ட் ஆட்கள் வந்து சேரவில்லை. வாஷிங் ஹாலில் பாதி விளக்குகள்தான் எரிந்தன. ஆனால் கடைசி மூலையிலிருந்த பெரிய மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தொம்... தொம்... தொம்...

ஜீன்ஸ் சுற்றுகிற சத்தம் பாப்பாவுக்குத் தெரியும். ஜீன்ஸை வெளுக்கப் போடும் கல் சுற்றுகிற சத்தமும் தெரியும்.

இது இரண்டும் இல்லை!

ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். டிரம் முனகிக்கொண்டே நின்றது. வட்டக் கதவைப் பிடித்து இழுத்தாள். டிரம்மில் ஒட்டியிருந்த சாயமெல்லாம் கரைந்து, நீலத் தண்ணீர் குபுக்கென்று அவள் மேல் அடித்தது.

தண்ணீரோடு ஒரு கையும் வெளியே வந்து தொங்கியது.

மாஸ்டர்!

வாஷிங் மாஸ்டர். அவள் தைத்த முதல் ஜீன்ஸை வாளியில் போட்டுத் துவைத்து, "பாப்பா, இது பேன்ட் இல்ல, பொக்கிஷம்!" என்று சொன்ன மனுஷர்.

நீலத் தண்ணீரில் கால் வழுக்கியது. விழாமலிருக்க இடது கையைக் கதவில் பளீரென்று ஊன்றினாள். அலறினாள்.

அந்த அலறல் கேட்டு வந்தது ஒரே ஒருவர். அப்பா.

அப்பா மெஷினைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சட்டென்று அவள் தோளைப் பிடித்தார்.

"நீ இங்க வரவே இல்ல. புரியுதா? நான்தான் முதல்ல பார்த்தேன்."

"அப்பா... மாஸ்டர்ப்பா..."

"கையைக் கழுவு. வீட்டுக்குள்ள போ. வாயைத் திறக்காதே. பொம்பளைப் புள்ள, ஸ்டேஷன் படியெல்லாம் ஏற வேணாம்."

பாப்பா கையைக் கழுவினாள். நீலம் குழாய்த் தண்ணீரோடு ஓடியது. அந்த நிலையிலும் அவளுக்குள் ஒரு ஓரம் இளகியது.

அப்பா எனக்காகப் பொய் சொல்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்காக ஒன்று செய்கிறார்!

பாவம் பாப்பா. வயது முப்பதைத் தாண்டியும் அவளை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

2

'நீலக்கை' ஜீன்ஸ் தெரியாதவர்கள் ஜீன்ஸே போடாதவர்கள்.

பின்பாக்கெட்டில் நீலமாக ஒரு உள்ளங்கை. அதன் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் அடையாளம். அந்தக் கை பெரிய பெரிய போர்டுகளில் நின்றது. நடிகர்களின் இடுப்புக்குக் கீழே உட்கார்ந்தது. "இந்தக் கை உங்களைக் கைவிடாது!" என்று அண்ணன் விளம்பரத்தில் சொல்லிவிட்டுக் கண்ணடிப்பார்.

உண்மை என்ன?

அப்பா அப்போது சின்னத் தையல் கடைக்காரர். கடையின் பின்னறையில் மில் கழித்துக் கட்டிய முரட்டு நீலத் துணி ஒரு சுருள் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. பாப்பா தொட்டாள். வாளியில் ஊற வைத்து, வெட்டி, மெஷினில் ஊசி ஊசியாக ஒடித்து, கடைசியில் ஒரு பேன்ட் தைத்தாள். அந்தத் துணியை வெட்டும்போது கத்திரி வழுக்கி, இடது உள்ளங்கையைக் குறுக்கே கிழித்தது. பேன்ட் முடிவதற்குள் அது தழும்பாகிவிட்டது.

"அட! ஜோரா இருக்கே!" என்று அண்ணன் அதைத் தூக்கி மடித்தார். "கடைல காட்டிட்டு வர்றேன்."

"நானும் வர்றேன்ணா."

"நீ எதுக்கு? 'பொட்டப் புள்ள தைச்சது'ன்னா எவன் வாங்குவான்? நான் தைச்சதா சொல்லிக்கறேன்."

பாப்பாவுக்கு வந்ததே ஒரு கோபம்! கை முழுக்க வாளிச் சாயம். அந்தக் கையாலேயே மடித்த பேன்ட் மேல் பளார் என்று ஒரு அறை விட்டாள். அண்ணன் கன்னத்தில் விழ வேண்டியது பின்பாக்கெட்டில் விழுந்தது.

கடைக்காரர் பேன்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"பேன்ட் நல்லாருக்கு தம்பி. இந்தக் கை அதைவிட நல்லாருக்கு! யாரு கை?"

"என் கை," என்றார் அண்ணன்.

அந்த ஒரு பொய்தான் கடையானது. கடைகளானது. மூன்று மாடிக் கம்பெனியானது. அண்ணன் சேர்மன் ஆனார். பாப்பா கட்டிங் ரூமுக்குள்ளேயே இருந்தாள். புது டிசைன் எல்லாம் அவள் மேஜையில் பிறந்து, மாடிக்குப் போகும்போது அண்ணன் குழந்தையாக மாறிவிடும்.

அப்பா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஆம்பளை பேர்ல இருந்தாத்தான் நம்புவாங்கம்மா. நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தாள். பதினாறு வருஷம்!

இன்று ஒரு பெரிய கம்பெனி 'நீலக்கை'யில் பாதியை எழுதி வாங்க வந்திருந்தது. பத்திரத்தில் முதல் பக்கத்திலேயே அந்தக் கை. கீழே, 'நிறுவனரின் கை.' இன்று கையெழுத்தாகிவிட்டால் பாப்பாவின் கை சட்டப்படி, சாகிறவரை, அண்ணனின் கை!

நேற்று மதியம் மாஸ்டர் அதைச் சொல்லித்தான் கொதித்தார்.

"உன் வாய் திறக்காது பாப்பா. எனக்குத் தெரியும். ஆனா என் வாய்க்கு யாரும் இன்னும் பட்டன் வைக்கலை. நாளைக்குக் கையெழுத்துப் போட வர்ற அந்தப் பெரிய கம்பெனி அம்மா முன்னாடி நானே சொல்லிடறேன்."

"வேணாம் மாஸ்டர். வேலை போயிடும்."

"போனா போகட்டும். என் பேரன்கூட இது அந்த ஆள் கைன்னு நம்பறான்மா. எனக்கு அசிங்கமா இருக்கு!"

வேலை போகவில்லை.

உயிர் போய்விட்டது.

3

இன்ஸ்பெக்டருக்குத் தொப்பையும் நக்கலும் சம அளவில் இருந்தன. மெஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"பெரியவரே, நீங்கதான் முதல்ல பார்த்தீங்க?"

"ஆமா சார்." அப்பா தலை குனிந்திருந்தார். "கதவைத் திறந்தேன். உள்ள..."

"வேற யாரும் வரலை?"

"யாருமே இல்ல சார்."

கைரேகைக்காரர் கதவின் முன்னால் உட்கார்ந்து பவுடர் பூசிக்கொண்டிருந்தார். திடீரென்று துள்ளினார்.

"சார்! நீலமா ஒரு உள்ளங்கை விழுந்திருக்கு. காய்ஞ்சு ஒட்டியிருக்கு. நடுவுல குறுக்க ஒரு கோடு... தழும்பு போல!"

"போட்டோ எடு."

கைரேகைக்காரர் கீழே வைத்த கேமராவை எடுக்கக் குனிந்தார்.

"அப்படியே நில்லுய்யா!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"எ... எப்படி சார்?"

"குனிஞ்சபடியே! அசையாதே!"

இன்ஸ்பெக்டர் அவர் பின்பாக்கெட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி பின்பாக்கெட்டுக்கு மூக்கைக் கொண்டுபோனார். கான்ஸ்டபிள்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"இந்தப் பேன்ட்டை எங்கேய்யா வாங்கினே?"

"ஷோரூம்ல சார்! ஒரிஜினல் சார்! டூப்ளிகேட் இல்ல சார்!"

"உன் பின்னாடி இருக்கற கையும் ஒரிஜினல்தான்யா! கதவுல இருக்கறதும் இதுவும் ஒரே கை! அதே கோடு, அதே சாய்வு!" இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "இது யாரு கைன்னு ஊருக்கே தெரியுமே!"

அப்பாவின் முகம் வெளுத்தது.

"ஐயோ... சார், அது..."

"அது?"

அப்பா தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

4

மாடியில் மீட்டிங் ஹால். பூங்கொத்துகள். மேஜை முழுக்க ரிப்பன். நடுவே பத்திரம். பெரிய கம்பெனியின் அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கீழே ஒருவர் செத்துக் கிடக்கும்போதா? ஆமாம். "மிஷின்ல சின்ன ரிப்பேர் மேடம்" என்று சொல்லி வைத்திருந்தார் அண்ணன்!

பாப்பா சுவரோரம் நின்றாள். அண்ணன்தான் வரச் சொன்னார். தண்ணீர் எடுத்துக் கொடுக்க. அவர் சொன்ன 'ரிப்பேர்' அவள் காதில் விழுந்தது. கையிலிருந்த கண்ணாடி ஜக்கை டம்ளரில் சாய்க்காமல் அப்படியே நின்றாள்.

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர். பின்னாலேயே கான்ஸ்டபிள்கள். தள்ளாடிக்கொண்டு அப்பா.

"சேர்மன் சார்! ஒரு கொலை நடந்திருக்கு. கொலை நடந்த மெஷின் கதவுல உங்க கை இருக்கு."

"கொலையா!" பெரிய அம்மாள் நிமிர்ந்தார். "ரிப்பேர்னு சொன்னீங்க?"

"மேடம், ஒரு நிமிஷம்... என் கையா? நான் அந்தப் பக்கமே போகலையே சார்!"

இன்ஸ்பெக்டர் பத்திரத்தின் முதல் பக்கத்தைத் தட்டினார்.

"இது உங்க கைதானே?"

அண்ணன் பெரிய அம்மாளின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த விலங்கைப் பார்த்தார். ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றும் வரும்! நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கோத்தது.

"சொல்லுங்க சார். விளம்பரத்துல கண்ணெல்லாம் அடிச்சுச் சொல்லுவீங்களே!"

"இல்ல!"

"என்ன இல்ல?"

"அது என் கை இல்ல!" அண்ணன் வெடித்தார். "அவ கை! இதோ நிக்கறாளே, என் தங்கச்சி, அவ கை! முதல் ஜீன்ஸை வெட்டினதும் அவதான், தைச்சதும் அவதான், கோபத்துல கையைப் பதிச்சதும் அவதான்! அவளைப் பிடிங்க சார்!"

பதினாறு வருஷமாக அவள் கேட்கத் தவித்த வார்த்தைகள்.

விலங்கோடு சேர்த்துப் பார்சலாக வந்து சேர்ந்தன!

"கையை நீட்டும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

பாப்பா ஜக்கை மேஜையில் வைத்துவிட்டு நீட்டினாள். உள்ளங்கையின் குறுக்கே அதே தழும்பு. பெரிய அம்மாள் எட்டிப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார்.

"பெரியவரே!" இன்ஸ்பெக்டர் திரும்பினார். "யாருமே வரலைன்னீங்க?"

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். சொல்லுங்கப்பா. நான்தான் அவளை மறைச்சு வச்சேன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை!

"வயசாச்சு சார்..." அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. இவ வந்தாளா, வரலையான்னு..."

பாப்பாவுக்குள் ஏதோ ஒன்று 'டப்'பென்று அறுந்தது. இறுக்கித் தைத்த நூல் அறுந்தால் எப்படி இருக்கும், அப்படி!

"நான்தான் சார் திறந்தேன்!"

ஹாலில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். அவளுக்கு இவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்று அவளுக்கே தெரியாது.

"மெஷின் ஓடிட்டு இருந்தது. நிறுத்தினேன். திறந்தேன். கீழ விழாம இருக்கக் கையை ஊணினேன். வாயைத் திறக்காதே, கையைக் கழுவுன்னு சொன்னது எங்க அப்பா. எனக்காகத்தான் சொல்றார்னு நம்பினேன். என் புத்தி!"

"நடிப்பு சார்!" என்றார் அண்ணன். "சின்ன வயசுலருந்தே இவளுக்கு என் மேல வயித்தெரிச்சல். என் பேரைக் கெடுக்கறதுக்குன்னே..."

"உன் பேரா? எது உன் பேரு?" பாப்பா அவர் பக்கம் திரும்பினாள். "மாஸ்டர் செத்தா எனக்கென்ன லாபம்? இன்னிக்கு இந்த அம்மா முன்னாடி வந்து அது யாரு கைன்னு சொல்றேன்னு நேத்து அவர்தான் சொன்னார். அவர் உயிரோட இருந்தா எனக்கு லாபம். அவர் வாயை மூடினா யாருக்கு லாபம்? நீயே சொல்லுண்ணா!"

"பாயின்ட்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

விலங்கு இப்போது அண்ணன் பக்கம் நகர்ந்தது.

5

"ஐயோ சார்!" அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்வாங்கினார். "அந்த மெஷினை எப்படி ஓட்டறதுன்னே எனக்குத் தெரியாது! ஹாலுக்குள்ள போயே பல வருஷமாச்சு! அந்த வாடை எனக்கு ஒத்துக்காது சார், தும்மல் வரும்!"

"நீங்க குடுத்த கம்பெனி புத்தகத்துல," என்றார் பெரிய அம்மாள் மெதுவாக, "'ஒவ்வொரு ஜீன்ஸும் என் கண் முன்னால் துவைக்கப்படுகிறது'ன்னு போட்டிருந்ததே?"

"அது... விளம்பரம் மேடம்."

"அப்போ 'தைப்பது என் மூச்சு'?"

"அதுவும்... விளம்பரம் மேடம்."

டக்.

பெரிய அம்மாள் பேனாவை மூடினார்.

இன்ஸ்பெக்டர் பாப்பாவிடம் வந்தார். "ஒரு சந்தேகம்மா. மாஸ்டர் எதுக்கு மெஷினுக்குள்ள போனார்? அவரைத் தூக்கிப் போட்ட மாதிரி உடம்புல தடயம் இல்லையே?"

"அவரே இறங்குவார் சார். துணியோட கல் போட்டுச் சுத்துவோம். தேஞ்ச கல்லெல்லாம் டிரம் ஓட்டைங்கள்ல மாட்டிக்கும். காலைல ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உள்ள இறங்கி நோண்டி எடுப்பார்."

"உள்ள ஆள் இருக்கறது தெரியாம யாராவது பட்டனை அழுத்திட்டா?"

"அழுத்த மாட்டாங்க. உள்ள இறங்கற ஆள் தன் இடுப்பு பெல்ட்டைக் கழட்டி பட்டன் மேல தொங்க விடணும். எங்க ஹால்ல அதுதான் வழக்கம். பெல்ட் தொங்கினா உள்ள உயிர் இருக்குன்னு அர்த்தம். அதை எடுக்கற உரிமை அதைப் போட்ட ஆளுக்கு மட்டும்தான்."

"பெல்ட்டா?" என்றார் அண்ணன் முழித்தபடி. "எதுக்கு பெல்ட்டு? பேன்ட் கழண்டுடாது?"

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். விலங்கை எடுத்துப் பாக்கெட்டில் போட்டார்.

"இவர் கொலைகாரர் இல்லய்யா. அந்த அளவுக்கு விஷயம் தெரிஞ்சவர் இல்ல!"

அப்போது கைரேகைக்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"சார், மாஸ்டர் இடுப்புல பெல்ட் இல்லைன்னு ஹாலையே புரட்டினோம். துணி அலமாரி மேல இருந்தது. பாருங்க."

கவருக்குள் பெல்ட். தூக்கி எறிந்த பெல்ட் இல்லை. வட்டமாக, இறுக்கமாக, ஓரம் பிசகாமல் சுருட்டப்பட்ட பெல்ட். கடைசி நுனி உள்ளே நேர்த்தியாகச் செருகப்பட்டிருந்தது.

"அடேங்கப்பா!" என்றார் இன்ஸ்பெக்டர். "கொலை பண்ற அவசரத்துலயும் எவ்வளவு ஒழுங்கு! எங்க வீட்டுப் பசங்களுக்கு இவன்கிட்ட டியூஷன் வைக்கணும்!"

யாரோ சிரித்தார்கள்.

பாப்பா சிரிக்கவில்லை. அவள் பார்வை பெல்ட்டிலிருந்து நகர்ந்து மேஜைக்குப் போனது.

மேஜையின் ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். முகத்தில் கிலி. ஆனால் விரல்கள் முகத்தைக் கேட்டு வேலை செய்யவில்லை. அவிழ்ந்து கிடந்த ரிப்பனை எடுத்திருந்தன. இரண்டு விரல்களைச் சுற்றிச் சுற்றி... இறுக்கமாக... ஓரம் பிசகாமல்...

ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை! அளவெடுத்து முடித்ததும் இஞ்ச் டேப்பைச் சுருட்டி வைத்த அதே விரல்கள்.

நுனியை உள்ளே செருகி, சுருளை மேஜை மேல் வைத்தார் அப்பா.

கையைக் கழுவு. வீட்டுக்குள்ள போ. வாயைத் திறக்காதே.

அது தன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது இல்லை! பார்த்த ஒரே ஆளை அனுப்பிவிடுவதற்காகச் சொன்னது. அவள் சற்று முன்னால் வந்திருந்தால் மாஸ்டர் பிழைத்திருப்பார். அவள் வந்தபோது அப்பா எங்கே இருந்தார்? அந்த அலமாரிக்குப் பின்னாலா?

சொல்லலாமா? பெற்றவர் ஆயிற்றே!

'இவ வந்தாளா, வரலையான்னு ஞாபகம் இல்ல.' பெற்றவர் பேசிய பேச்சு!

"சார்." பாப்பா மேஜையைச் சுட்டிக்காட்டினாள். "எங்க அப்பா முன்னாடி மேஜைல ஒண்ணு இருக்கு. அதையும் இந்த பெல்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க."

6

இரண்டு சுருள்களும் இரட்டைப் பிள்ளைகள் போல மேஜையில் உட்கார்ந்திருந்தன.

அப்பா நிமிர்ந்தார். "ரி... ரிப்பனைச் சுருட்டினா குத்தமா சார்?"

"இல்ல பெரியவரே. தப்பே இல்ல." இன்ஸ்பெக்டர் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பக்கிள் மேல பெருவிரல் ரேகை ஒண்ணு பளிச்சுனு தெரியுது. அது உங்களுதா இருந்தாத்தான் தப்பு. உங்க விரலைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

அப்பா விரலைக் கொடுக்கவில்லை. மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். அந்த ஒரு அசைவு போதுமாக இருந்தது.

"மாஸ்டர் கேக்கலை சார்..." அப்பாவின் குரல் உடைந்தது. "நேத்து இவங்க ரெண்டு பேரும் பேசினதைக் கேட்டேன். காலைல போய்க் கெஞ்சினேன். உள்ள உக்காந்து கல்லை நோண்டிக்கிட்டே சிரிச்சான். 'உண்மையைப் பேசறதுக்கு உங்ககிட்ட லீவு லெட்டர் எழுதிக் குடுக்கணுமா பெரியவரே'ன்னான். கோபம் வந்துடுச்சு. என்னையறியாம கை பட்டனுக்குப் போயிடுச்சு..."

"நடுவுல பெல்ட்டைக் கழட்டி, சுருட்டி, அலமாரி வரைக்கும் போய் வச்சிட்டு, திரும்பி வந்து, கதவைச் சாத்தி, அப்புறம் உங்களையறியாம பட்டனா?" இன்ஸ்பெக்டர் முகத்தில் இப்போது நக்கல் இல்லை. "எழுந்திருங்க."

பாப்பா குறுக்கே வந்து நின்றாள்.

"என்னைப் பிடிச்சுட்டுப் போயிருந்தா? அப்பவும் ஞாபகம் இல்லைன்னுதான் சொல்லியிருப்பீங்களா?"

"பொம்பளைப் புள்ளம்மா... கோர்ட்டுல இரக்கம் காட்டுவாங்க. சீக்கிரம் விட்டுடுவாங்கன்னு..."

"அப்பா!"

"உண்மை வெளிய வந்தா உங்க அண்ணன் நடுத்தெருவுல நிப்பான்மா! இவ்வளவு பெரிய பேரு..."

"பதினாறு வருஷமா நான் எங்கப்பா நிக்கறேன்?" பாப்பா கத்தினாள். கண்ணில் தண்ணீர் இல்லை, நெருப்புதான் இருந்தது. "அவன் தெருவுல நிக்கக் கூடாதுன்னு நீங்க என்னை ரூமுக்குள்ள நிக்க வச்சீங்க. இன்னிக்கு ஜெயில்லயும் நிக்க வைக்கப் பார்த்தீங்க. ஒரு மனுஷனை, ஒரு பாவமும் அறியாத மனுஷனை, துணியைப் போடற மாதிரி போட்டுச் சுத்த விட்டுட்டீங்க. அவர் வீட்டுல இன்னும் சமையல் பண்ணி வச்சுக்கிட்டு இருப்பாங்கப்பா! அவங்களுக்கும் ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுவீங்களா?"

"தம்பியைப் பாத்துக்கோம்மா," என்று மட்டும் முணுமுணுத்தார் அப்பா. அண்ணனை அவர் எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அந்த நேரத்திலும் தம்பிதான்!

கான்ஸ்டபிள்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒரு தொண்டை செருமல்.

அண்ணன்! காலரைச் சரிசெய்துகொண்டு, கலைந்த முடியைக் கையால் வாரிக்கொண்டு...

"ஸாரி மேடம். குடும்பம்னா ஆயிரம் இருக்கும். நாம உக்காந்து வேலையை முடிச்சிடலாமா? பாப்பா, மேடத்துக்குத் தண்ணி ஊத்தும்மா."

இன்ஸ்பெக்டரே ஒரு விநாடி வாயைப் பிளந்தார்.

பெரிய அம்மாள் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "நாங்க வாங்க வந்தது ஒரு கையை. அது யாரு தோள்ல இருக்கோ அவங்ககிட்டதான் இனி பேச்சு." பாப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்க எப்போ ஃப்ரீ?"

"இன்னிக்கு இல்லம்மா," என்றாள் பாப்பா. "மாஸ்டர் வீட்டுக்குப் போகணும். அவர் வேலை பார்த்த ஹால்ல அவர் செத்துக் கிடக்கும்போது மாடில ரிப்பன் கட்டி உக்காந்திருந்தோம். அதுக்கு அவங்க காறித் துப்புவாங்க. வாங்கிக்கிட்டு வரணும். அப்புறம் பேசலாம். பேசாமலும் போகலாம்."

"ஏய்!" அண்ணன் மேஜையைத் தட்டினார். "கம்பெனி என் பேர்ல இருக்கு! நான் இல்லாம ஒரு பேன்ட் வித்துடுவியாடி நீ? கடை கடையா ஏறி இறங்கினவன் நான்! பேச்சு வேணும் அதுக்கு, பேச்சு!"

"இருக்கலாம்ணா. நீ நல்லா விப்பே. கூடப் பிறந்த என்னையே வித்துட்டியே!"

"என்ன பேச்சு பேசறே?"

"கம்பெனி உன் பேர்ல இருக்கட்டும். அதைக் கோர்ட்டு பாத்துக்கும். ஆனா இப்போ நீ இடுப்புல மாட்டியிருக்கியே, அதுக்குத் துணி எடுத்தது நான். வெட்டினது நான். தைச்சது நான். போன மாசம் உனக்குத் தொப்பை போட்டுச்சுன்னு ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டதும் நான்." பாப்பா கையை நீட்டினாள். "கழட்டிக் குடுத்துட்டுப் போ!"

"என்னது!"

"கழட்டு! எல்லார் முன்னாடியும் நீ எதைத் தைச்சியோ அதைப் போட்டுக்கிட்டுப் போ!"

அண்ணன் பெரிய அம்மாளைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"சட்டத்துல இதுக்கு இடம் இருக்கான்னு தெரியலை சார்," என்றார் இன்ஸ்பெக்டர் சீரியஸாக. "ஆனா தடுக்கறதுக்கும் இடம் இல்ல."

கைரேகைக்காரர் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டார்.

பேச்சு வேண்டும் என்ற அண்ணனின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஒரு எழுத்துகூட வரவில்லை. இரண்டு கைகளாலும் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், மாடிப்படியில் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கி ஓடினார்.

வேறு யார் தைத்த பேன்ட்டாக இருந்தாலும் அந்த ஓட்டத்துக்கு நடுவில் கிழிந்திருக்கும்!